மேகம் மூடும் மார்ச்: மெடலின் பள்ளத்தாக்கின் காற்று

காற்று மாசு என்றதும் நம் நினைவுக்கு வருவது டெல்லியின் நவம்பர், டிசம்பர். குளிர், பனிமூட்டம், வயலில் எரியும் வைக்கோல். குளிர்காலம் வந்தால் காற்று கெடும் என்பது வட இந்தியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு. சரி, குளிர்காலமே இல்லாத ஊரில் என்ன நடக்கும்?

கொலம்பியாவின் மெடலின் நகரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஆறே கால் டிகிரியில் இருக்கிறது. வருடம் முழுக்கச் சராசரி வெப்பநிலை 22 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். மாதத்துக்கு மாதம் பெரிய வித்தியாசம் கிடையாது. 'என்றும் வசந்த நகரம்' என்று அதற்குப் பட்டப்பெயர். அப்படிப்பட்ட ஊரில் ஆண்டுதோறும், ஏறக்குறைய அதே வாரங்களில், காற்று கெட்டுப்போகிறது. பிப்ரவரி பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை ஒரு முறை, அக்டோபர் நவம்பரில் இன்னொரு முறை. இரண்டில் மார்ச்தான் மோசம்.

மார்ச்சில் அங்கே லாரிகள் கூடுதலாக ஓடுவதில்லை. ஆலைகள் கூடுதலாகப் புகை விடுவதும் இல்லை. ஜூலையில் ஓடும் அதே வண்டிகள், அதே டீசல். ஜூலையில் வானம் தெளிந்திருக்க, மார்ச்சில் எதிர்மலை கண்ணுக்குத் தெரியாமல் போகிறது என்றால், காரணத்தை நிலத்தின் வடிவத்திலும் மேகத்தின் நடமாட்டத்திலும்தான் தேட வேண்டும்.

நிலத்தின் வடிவம்

அபுர்ரா பள்ளத்தாக்கு ஆண்டீஸ் மலைத்தொடரின் நடுக்கிளையில் தெற்கு வடக்காக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளும் ஒரு ஒடுங்கிய பள்ளம். தெற்கே கால்டாஸ், வடக்கே பர்போசா, இடையில் மெடலின் என மொத்தம் பத்து நகராட்சிகள். சுமார் 40 லட்சம் பேர் வசிக்கிறார்கள். நடுவே ஓடும் ஆறு தெற்கிலிருந்து வடக்கே போகிறது. மெடலின் நகரத்தின் தரைமட்டம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். இருபுறமும் உள்ள மலை முகடுகள் 2,500 முதல் 3,000 மீட்டர் வரை உயர்கின்றன. மேற்கே பாத்ரே அமாயா சிகரம் 3,000 மீட்டரையும் தாண்டுகிறது. அதாவது நகரம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. பள்ளத்தாக்கு மிக அகலமான இடத்திலேயே பத்து கிலோமீட்டர்தான் தேறும். இரு முனைகளிலும் அது இறுகிக் குறுகிவிடுகிறது.

வெப்பமண்டலத்தில் கிழக்குப் பக்கத்திலிருந்து நிலநடுக்கோட்டை நோக்கி விடாமல் வீசும் காற்றுக்கு வியாபாரக் காற்று என்று பெயர். வடகிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று இந்தப் பகுதிக்கு உண்டு. ஆனால் கிழக்கு மலை அதைத் தடுத்துவிடுகிறது. காற்றின் பெரும்பகுதி முகட்டுக்கு மேலாகவே கடந்துபோகிறது. தரையில் மிஞ்சுவது மெல்லிய உள்ளூர்க் காற்றுதான். பகலில் வெயில் பட்டு மலைச்சரிவு சூடாகும்போது காற்று சரிவோடு மேலே ஏறும். இரவில் சரிவு குளிர்ந்ததும் அதே காற்று கீழே வழிந்து பள்ளத்தில் தேங்கும். இது தவிர, பகலில் வடக்கு வாயிலிலிருந்து தெற்கு நோக்கி ஓர் ஓட்டம் உண்டு. அந்த ஓட்டம் புகையை வெளியே கொண்டுபோவதைவிட, பள்ளத்தாக்கு குறுகும் தெற்குப் பக்கம் தள்ளிச் சேர்ப்பதே அதிகம். கால்டாஸ் முதல் பர்போசா வரை எல்லாரும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். யார் எல்லையில் புகை கிளம்பியது என்பது காற்றுக்குத் தெரியாது.

ஆக, புகை வெளியேற உருப்படியான வழி ஒன்றே ஒன்று. நேராக மேலே ஏறி, முகட்டைத் தாண்டி, அங்கே வீசும் வியாபாரக் காற்றோடு கலந்துவிட வேண்டும். அது நடக்கிறதா இல்லையா என்பதுதான் அன்றைய காற்றின் தரம்.

ஒரு நாளின் படம்

தரையை ஒட்டி, வெப்பத்தால் கலங்கிக் கொதிக்கும் காற்றுப் பகுதியைக் கலவை அடுக்கு என்று வைத்துக்கொள்வோம். தரையில் விடும் புகை அந்த அடுக்குக்குள்தான் பரவும். அடுக்கு உயரமானால் புகை நீர்த்துப்போகும், தாழ்ந்தால் அடர்ந்துபோகும். பந்திக்கு வந்த கூட்டம் அதேதான், மண்டபம் மட்டும் ஒரு நாள் பெரிது, ஒரு நாள் சிறிது.

சமவெளியாக இருந்தால் அடுக்கின் உயரம் பாதியானால் புகையின் அடர்த்தி இரட்டிப்பாகும். கணக்கு அவ்வளவுதான். பள்ளத்தாக்கில் இது இன்னும் மோசம், ஏனென்றால் கீழே போகப் போகப் பள்ளம் குறுகுகிறது. அடியில் கூர்ந்து மேலே விரியும் ஒரு பள்ளத்தில் உயரம் பாதியானால் கொள்ளளவு கால்வாசிதான் மிஞ்சும். அடர்த்தி நான்கு மடங்கு. அபுர்ராவின் நடுப்பகுதியில் தரை ஓரளவு தட்டையாக இருப்பதால் உண்மை நிலை இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ நிற்கும். இருந்தாலும் சில நூறு மீட்டர் ஏற்ற இறக்கம் ஏன் இந்த ஊரை இப்படி ஆட்டிவைக்கிறது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

இந்த அடுக்கை மெடலின்காரர்கள் கருவி வைத்து ஒவ்வொரு நிமிடமும் பார்க்கிறார்கள். பள்ளத்தாக்குக்கென்று சியாட்டா என்ற முன்னெச்சரிக்கை அமைப்பு இருக்கிறது. வெள்ளமும் நிலச்சரிவும் இந்த ஊரின் பழைய பயங்கள் என்பதால் முதலில் அவற்றுக்காக வந்தது. அப்புறம் காற்றையும் கண்காணிக்கத் தொடங்கியது. ரேடார், வெப்பநிலையை உயரவாரியாக அளக்கும் நுண்ணலைக் கருவி, காற்றின் வேகத்தை உயரவாரியாகச் சொல்லும் கருவி, கூடவே சீலோமீட்டர். வெப்பமண்டல மலைப்பள்ளம் ஒன்றுக்குள் இத்தனை கருவிகள் சேர்ந்து நிற்பது அபூர்வம். இந்த ஊரைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேச முடிவதே அதனால்தான்.

சீலோமீட்டர் விமான நிலையங்களில் மேகத்தின் உயரம் அளக்கப் பயன்படும் கருவி. கண்ணுக்குத் தெரியாத லேசர் துடிப்பை நேர் மேலே அனுப்பும். காற்றில் உள்ள துகளும் மேகத்துளியும் அதில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். திரும்பி வரும் நேரத்தை வைத்து உயரமும், வரும் அளவை வைத்துத் துகளின் செறிவும் தெரியும். இதைக் கிடைமட்டத்தில் நேரமும் செங்குத்தில் உயரமுமாக வரைந்தால் ஒரு நாளின் காற்று அப்படியே படமாக வந்துவிடும்.

ஜனவரியில் வானம் திறந்த ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். விடியும்போது அடர்ந்த நிறத்தில் ஒரு மெல்லிய பட்டை தரையோடு ஒட்டிக் கிடக்கும். இரவில் சரிவிலிருந்து இறங்கிய குளிர்காற்றும் அதில் அகப்பட்ட புகையும்தான் அது. ஆறு மணிக்கு மேல் சாலை நிரம்பும். பட்டை தடிக்காமலேயே நிறம் மட்டும் ஏறும். அன்றைய நாளின் மோசமான நேரம் இதுதான். அப்புறம் வெயில் தரையைச் சூடாக்க, பட்டையின் மேல்விளிம்பு மெதுவாக எழும்பும். பிற்பகலில் முகட்டின் உயரத்தைத் தாண்டும். நிறம் வெளிறிக் கலைந்துவிடும். மாலைக்குள் பள்ளத்தாக்கு தன் குப்பையை வெளியே கொட்டிவிட்டது என்று அர்த்தம்.

மார்ச்சில் மேகம் மூடிய ஒரு நாளின் படமும் இதே மாதிரிதான் தொடங்கும். ஆனால் ஒன்பது மணி ஆகியும் பட்டை எழும்பாது. பதினொன்றுக்குக் கொஞ்சம் அசையும். மேலே முகட்டின் உயரத்தில் மேகத்தின் அடிப்பகுதி ஒரு பிரகாசமான கோடாக நிற்கும். பிற்பகலில் அடுக்கு அதற்குக் கீழேயே முட்டி நின்றுவிடும். இருட்டியதும் மறுபடி சுருங்கும். அன்றைய புகையில் ஒரு பங்கு மறுநாளுக்குப் பாக்கியாக நிற்க, மறுநாள் காலையின் புகை அதன் மேல் சேரும். இப்படி நாலைந்து நாள் தொடர்ந்தால் போதும், நெருக்கடிதான்.

மார்ச் ஏன்?

இங்கே பருவம் என்பது மழையின் கணக்கு. வடகோளத்து வியாபாரக் காற்றும் தென்கோளத்து வியாபாரக் காற்றும் சந்திக்கும் மழைப்பட்டை சூரியனின் பின்னாலேயே வடக்கும் தெற்கும் போய்வருகிறது. மெடலினை அது ஆண்டுக்கு இரண்டு முறை கடக்கிறது. அதனால் இரண்டு மழைக்காலம்: ஏப்ரல், மே ஒன்று, செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை இன்னொன்று. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வறட்சி. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் மழை ஓரளவு குறையும்.

வறண்ட மாதங்களில் புகையைக் கழுவ மழை இருக்காது, ஆகவே அப்போதுதான் காற்று கெடும் என்று யாரும் நினைப்பார்கள். மெடலினில் அது பாதிதான் சரி. வறட்சியில் வானம் திறந்திருக்கிறது, வெயில் உறைக்கிறது, கலவை அடுக்கு முகட்டைத் தாண்டுகிறது. மழைக்காலம் முற்றியபோது மழை கழுவுகிறது. இரண்டுமே இல்லாத இடைவெளிதான் ஆபத்து. மழைப்பட்டை தெற்கிலிருந்து வந்துகொண்டிருக்கும். ஈரமும் தாழ்ந்த மேகமும் முன்னாலேயே வந்துவிடும். மழை மட்டும் வராது. வெயிலும் போச்சு, மழையும் இல்லை. அந்த இடைவெளிதான் மார்ச்.

அக்டோபர், நவம்பரில் மழைப்பட்டை திரும்பிப் போகும்போதும் மேகம் மூடுகிறது. ஆனால் அப்போது மழை தாராளம். மார்ச்சில் வெளியிலிருந்து வரும் புகையும் (அதைப் பின்னால் பார்ப்போம்) அப்போது இல்லை. அதனால் இரண்டாவது பருவம் சற்று அடங்கியே இருக்கிறது. ஜூன், ஜூலையில் வியாபாரக் காற்று வலுத்துப் பள்ளத்துக்குள்ளும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். வருடத்தின் நல்ல காற்று அப்போதுதான்.

மழையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மழை பெய்தால் காற்று சுத்தமாகும் என்பது பொதுவாகச் சரிதான். பெய்துகொண்டிருக்கும்போது துகள் இறங்கும். ஆனால் காலையில் பெய்யும் மழை இங்கே சில நேரம் காரியத்தைக் கெடுத்துவிடுகிறது. தரை நனைந்து குளிர்ந்துபோவதால், அப்புறம் வரும் வெயிலின் சூட்டில் பெரும்பகுதி ஈரத்தை உலர்த்தவே செலவாகிறது. கலவை அடுக்கு எழும்பாமல் படுத்துவிடுகிறது. கழுவியதைவிடத் தேங்கியது அதிகமாகி, மதியத்துக்குள் அளவு பழையபடி ஏறுகிறது, சில நாள் அதையும் தாண்டுகிறது. மழை எவ்வளவு பெய்தது என்பதோடு எந்த நேரத்தில் பெய்தது என்பதும் கணக்கில் வரும். மாசுக்கு மழைதான் மருந்து என்று வானத்தைப் பார்த்துக் காத்திருக்கும் நிர்வாகங்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் படிக்க வேண்டிய பாடம் இது.

2016, 2020

2016 மார்ச்சில் விஷயம் கைமீறியது. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வலுவாக வந்து, அதன் கடைசிக் கட்டம் அது. வறட்சி நீண்டது, மழை தாமதித்தது, தாழ்ந்த மேகம் நாள் கணக்கில் நகராமல் நின்றது. பள்ளத்தாக்கு நிர்வாகம் அவசர நடவடிக்கைகளை அறிவித்தது. எந்த அளவில் எந்த எச்சரிக்கை, அதற்கு எந்த வண்டியை நிறுத்துவது என்ற முறையான நெறிமுறைகள் உருவானது அதற்குப் பிறகுதான். 2017 மார்ச்சில் மறுபடியும் சிவப்பு எச்சரிக்கை வரை போனது. இன்று பிப்ரவரி வந்ததுமே 'நெருக்கடிப் பருவம்' என்று முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். நிற அட்டவணையும் மக்களுக்குப் பழகிவிட்டது. ஒரு கன மீட்டர் காற்றில் நுண்துகள், அதாவது பிஎம் 2.5, 37 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஆரஞ்சு; 55-ஐத் தாண்டினால் சிவப்பு. ஆரஞ்சு என்றால் குழந்தைகள், முதியவர்கள், ஆஸ்துமாக்காரர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் 24 மணி நேரச் சராசரிக்கு வைத்த வரம்பு 15தான் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆரஞ்சுக்குக் கீழ்ப்படியான கொலம்பியாவின் மஞ்சளே நமக்கு மஞ்சளாகத் தெரியாது.

அடுத்தது 2020. யாரும் திட்டமிட்டுச் செய்ய முடியாத ஒரு சோதனை. மார்ச் 25-இல் கொரோனாவுக்காக நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. மெடலினின் சாலைகள் வெறிச்சோடின. மோசமான மாதம், ஆனால் வண்டிகள் இல்லை. காற்று பளிச்சென்று தெளிந்திருக்க வேண்டும். ஆனால் மார்ச் கடைசி வாரத்தில் பள்ளத்தாக்கின் துகள் அளவு எச்சரிக்கை மட்டத்திலேயே நின்றது.

காரணம் பல நூறு கிலோமீட்டர் கிழக்கே இருந்தது. ஒரினோகோ ஆற்றுப்படுகையின் புல்வெளிகள் கொலம்பியாவிலும் வெனிசுவேலாவிலும் பரந்து கிடக்கின்றன. டிசம்பரிலிருந்து மார்ச் வரை அங்கே கடும் வறட்சி. மேய்ச்சலுக்காகப் புல்லையும் புதரையும் எரிக்கிறார்கள். அந்தப் புகையை வியாபாரக் காற்று மலை மேல் ஏற்றிக் கொண்டுவருகிறது. முகட்டுக்கு மேலே சுத்தமான காற்று இருக்கிறது, அடுக்கு அங்கே எட்டினால் போதும் என்று இதுவரை சொன்ன கணக்கு இங்கே உடைகிறது. மேலே இருப்பதே புகைதான் என்றால் அடுக்கு உயர்ந்து என்ன பயன்? ஏப்ரலில் மழை வந்து தீயும் அடங்கிய பிறகே ஊரடங்கின் பலன் காற்றில் தெரிந்தது.

இந்த ஒரு வாரத்தைக் காட்டி, "பார்த்தீர்களா, வண்டிகள் மேல் பழி போட்டீர்களே" என்று பேசியவர்கள் உண்டு. அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. வெளிப்புகையோடு உள்ளூர்ப் புகையும் சேர்ந்திருந்தால் அந்த வாரம் எப்படி இருந்திருக்கும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. வெளிப்புகை வரும் மாதமும் மேகம் மூடும் மாதமும் ஒன்றாகவே இருப்பது பள்ளத்தாக்கின் துரதிர்ஷ்டம். அதனாலேயே உள்ளூர்ப் பங்கைக் குறைக்க வேண்டிய அவசியம் கூடுகிறது.

இதற்கு நேர் எதிரான சோதனை ஒன்று ஆண்டுதோறும் நவம்பர் 30 இரவு நடக்கிறது. 'அல்போராதா' என்று டிசம்பரை வெடி வெடித்து வரவேற்கும் வழக்கம். 2003-இல் ஒரு ஆயுதக் குழு ஆயுதங்களைக் கீழே போட்டதை ஒட்டிக் கிளம்பியது என்கிறார்கள். நள்ளிரவில் துகள் அளவு சட்டென்று பல மடங்கு எகிறும். எகிறியது எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை வெடியின் எண்ணிக்கை மட்டும் தீர்மானிப்பதில்லை. மறுநாள் வானம் திறந்தால் பிற்பகலுக்குள் கலைந்துவிடும். மேகம் மூடினால் கிடந்து நாறும்.

யாருடைய புகை

பள்ளத்தாக்கின் உமிழ்வுக் கணக்கில் நுண்துகளின் பெரும்பகுதி, ஏறக்குறைய 80 சதவீதம், வாகனங்களிலிருந்து வருகிறது, மிச்சம் ஆலைகள். வாகனங்களுக்குள் முதலிடம் கார்களுக்கு இல்லை. எண்ணிக்கையில் மிகச் சிறுபான்மையான லாரிகளும் டிப்பர்களும்தான் துகளில் முன்னால் நிற்கின்றன. எண்ணிக்கையில் பெருகிக்கொண்டே போவது பைக்.

நடவடிக்கை என்று எடுத்துக்கொண்டால் மெடலின் சும்மா இருந்த ஊர் இல்லை. 1995-இல் மெட்ரோ ரயில் வந்தது. 2004-இல் மலைச்சரிவுக் குடியிருப்புகளுக்கு மெட்ரோகேபிள் என்ற தொங்கு வண்டி. ஏழைக் குடும்பங்கள் அன்றாடம் வேலைக்குப் போய்வரும் பொதுப் போக்குவரத்தாகவே அதைக் கட்டினார்கள். டீசலில் கந்தகத்தைப் பத்து லட்சத்தில் 50 பங்காகக் குறைத்தார்கள். ஒரு காலத்தில் அது ஆயிரக்கணக்கில் இருந்தது. சாலையோரங்களில் மரம் நட்டுப் பசுமை வழித்தடங்கள் போட்டதற்கு உலகப் பாராட்டு கிடைத்தது. அந்த மரங்கள் வெயிலைத் தணிக்கின்றன, நடப்பவருக்கு நிழல் தருகின்றன. மார்ச் மாதத்துத் துகளை அவை தீர்த்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 2016-க்குப் பிறகு ஆண்டுச் சராசரி இறங்கியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 5 மைக்ரோகிராம் இன்னும் வெகு தொலைவு.

நெருக்கடி நாட்களில் கையில் எடுக்கும் ஆயுதம் 'பிகோ இ பிளாக்கா'. நம்பர் பிளேட்டின் எண்ணைப் பார்த்து, இன்ன நாள் இன்ன வண்டி வெளியே வரக் கூடாது என்று சொல்லும் முறை. எச்சரிக்கை ஏற ஏற நேரத்தை நீட்டுவார்கள், பைக்குகளையும் லாரிகளையும் சேர்ப்பார்கள். கார் வைத்திருப்பவர் முணுமுணுப்பார். வசதி உள்ளவர் வேறு எண்ணில் இரண்டாவது வண்டி வாங்குவார். மாசின் பெரும்பங்கை விடும் லாரியோ சரக்கு நின்றுவிடும் என்ற காரணத்தால் விதிவிலக்கு கேட்டு வாங்கிக்கொண்டு போகும். சில நாள் உச்சத்தைத் தட்டி இறக்க இந்த முறை உதவும். ஆனால் மேகம் எந்த வாரம் மூடும் என்று கருவிகள் சொல்லிவிடும் ஊரில், அந்த வாரத்துக்கு மட்டும் வண்டியை நிறுத்துவதை வருடாந்தரச் சடங்காக வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

சிக்கல் அதிகாரத்தின் எல்லையிலும் இருக்கிறது. பத்து நகராட்சிகளுக்கும் சேர்த்து ஒரு பெருநகர நிர்வாகம் அமைந்தது நல்ல விஷயம். காற்றின் எல்லையும் நிர்வாகத்தின் எல்லையும் இந்த அளவுக்குப் பொருந்தி வரும் ஊர்கள் குறைவு. ஆனால் ஆற்றங்கரையோடு பள்ளத்தாக்கின் நடுவே போகும் சாலை வெறும் ஊர்ச்சாலை அல்ல. வடக்கே கரீபியன் கரையையும் தெற்கே காபி விளையும் மலைகளையும் இணைக்கும் வழி. இருபது வயது தாண்டிய லாரி சர்வசாதாரணமாக ஓடும் நாட்டில், எந்த வயது வரை லாரி ஓடலாம், பழையதை விட்டுப் புதியது வாங்க யார் கடன் தருவது, டீசல் என்ன விலை என்பதையெல்லாம் போகோட்டாவில் இருக்கும் மத்திய அரசுதான் முடிவு செய்கிறது. ஒரினோகோ புல்வெளியில் யார் தீ வைக்கலாம் என்பதும் மெடலினின் கையில் இல்லை. பள்ளத்தாக்கு நிர்வாகத்தால் முடிந்தது, தன் எல்லைக்குள் பதிவாகும் டிப்பர்களையும் பேருந்துகளையும் ஆலைக் கொதிகலன்களையும் மாற்றவைப்பதும், ஆண்டு முழுக்கப் புகைப் பரிசோதனையைக் கறாராக நடத்துவதும். அந்த வேலையை ஜூலையில், வானம் தெளிந்து யாரும் புகார் சொல்லாத மாதத்தில் செய்தால்தான் மார்ச்சில் பலன் தெரியும்.